மோதிக்கொள்ளாத போட்டியாளர்கள்

'ரஷ்' படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து இதைப் படிக்கலாம். கதையைச் சொல்லிவிடாதே என்று சண்டைக்கு வருபவர்களுக்கு ஒரு தகவல்: இது 1976-லேயே நடந்து முடிந்த கதை. முடிவு அப்போதே எல்லாப் பேப்பரிலும் வந்துவிட்டது(!).

2013-ல் ரான் ஹோவர்ட் இயக்கிய படம். ஒரு பக்கம் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஹன்ட். குடி, கும்மாளம், நாளையைப் பற்றிக் கவலையே இல்லாத மனுஷன். மறுபக்கம் ஆஸ்திரியாவின் நிக்கி லாடா. எதையும் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் செய்வார். ஒருவர் மெக்லாரனில், ஒருவர் ஃபெராரியில். அந்த வருடம் ஆகஸ்ட் 1-ம் தேதி ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் லாடாவின் கார் தீப்பிடிக்கிறது. பிழைக்க மாட்டார் என்று ஆஸ்பத்திரிக்குப் பாதிரியாரே வந்துவிடுகிறார். ஆனால் ஆறே வாரத்தில், ஆறாத காயத்தோடு இத்தாலியின் மோன்சாவில் கார் ஓட்டி நான்காவதாக வருகிறார் லாடா. கடைசிப் பந்தயம் ஜப்பானின் ஃபூஜியில். கொட்டும் மழை. இரண்டு சுற்றோடு லாடா காரை நிறுத்திவிட்டு இறங்கிவிடுகிறார். ஹன்ட் மூன்றாவதாக வந்து 69-க்கு 68 என்று ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன்!

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் காலேஜ் பையன்கள் தங்கும் அறைகளில் லேப்டாப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தால், முடிவில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "நம்மூர்ல இப்படி ரெண்டு பேர் இல்லையாடா?" உடனே இன்னொருவன், "இருந்தாங்களே... கடைசியில வந்தாங்களே!" என்பான். அறையே சிரிக்கும். அந்தச் சிரிப்பு சரிதானா என்பதுதான் இங்கே விஷயம்.

இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டியவர்கள் இதுவரை இரண்டே பேர். இரண்டு பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன், சென்னையின் கருண் சந்தோக். நரேன் பிறந்தது 1977 ஜனவரி 14. கருண் 1984 ஜனவரி 19. இரண்டு பேரும் பொங்கலை ஒட்டிப் பிறந்தவர்கள். இரண்டு வீட்டிலும் கார் பந்தயம் ரத்தத்தில் ஊறியது. நரேனின் அப்பா தென்னிந்திய ராலியை ஏழு முறை ஜெயித்தவர். கருணின் அப்பாவும் பந்தயக்காரர், தாத்தா சென்னையில் மோட்டார் பந்தயக் கிளப் ஆரம்பித்தவர்களில் ஒருவர்.

ஒரு சினிமாவுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறதல்லவா? கோவை ஒரு பக்கம், சென்னை ஒரு பக்கம். வயதில் மூத்தவர், இளையவர். ஆனால் இந்தப் படத்தை எடுக்க முடியாது. காரணம் ரொம்பச் சின்னது. ஃபார்முலா ஒன்னில் இவர்கள் இருவரும் ஒரே பந்தயத்தில் ஒரு தடவை கூடப் புறப்பட்டதில்லை!

நம்ப முடியாதவர்கள் வரிசையாகப் பார்க்கலாம். 2005-ல் ஜோர்டான் அணியில் நரேன் வந்தார். அப்போது கருண் கீழ்மட்டப் பந்தயங்களில் இருந்தார். 2010-ல் ஸ்பெயினின் ஹிஸ்பானியா அணியில் கருண் வந்து 10 பந்தயம் ஓட்டினார். அப்போது நரேனுக்கு ஃபார்முலா ஒன்னில் இடம் இல்லை. 2011-ல் அதே ஹிஸ்பானியாவுக்கு நரேன் திரும்பினார். பாதி சீசனில் அவரை இறக்கிவிட்டு டேனியல் ரிக்கியார்டோவை ஏற்றினார்கள். அவர் வெளியில் நின்ற நேரத்தில், ஜூலையில் ஜெர்மனியில் லோட்டஸ் அணிக்காகக் கருண் ஒரே ஒரு பந்தயம் ஓட்டினார். 2012 முழுக்க நரேன் ஓட்டினார், கருண் இல்லை. ஒரு கதவு திறந்தால் இன்னொரு கதவு மூடிக்கொண்டது.

சரி, ஓட்டிய பந்தயங்களிலாவது ஜெயித்தார்களா? இங்கேதான் நம்ம ஊர் மாட்டுவண்டிப் பந்தயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மதுரை, தேனி, சிவகங்கைப் பக்கம் பந்தயம் விட்டால் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தனித்தனியாகப் பிரித்துத்தான் விடுவார்கள். பெரிய மாட்டோடு பூஞ்சிட்டை யாரும் சேர்த்து விட மாட்டார்கள். விட்டால் பூஞ்சிட்டு ஓட்டியவரைப் பார்த்து யாரும் சிரிக்கவும் மாட்டார்கள். விட்டவனைத்தான் திட்டுவார்கள்.

ஃபார்முலா ஒன்னில் அந்தப் பிரிவே கிடையாது. ஃபெராரியும் ரெட் புல்லும் ஓடுகிற அதே கோட்டில்தான் ஹிஸ்பானியாவும் நிற்க வேண்டும். 2010-ல் பஹ்ரைனில் கருணின் கார் பயிற்சி நேரம் முடியும்வரை தயாராகவே இல்லை. அந்தக் காரை அவர் முதன்முதலாக ஓட்டியதே தகுதிச் சுற்றில்தான்! பரீட்சை ஹாலில்தான் புத்தகத்தையே கையில் கொடுத்த மாதிரி. அடுத்த வருடம் ஆஸ்திரேலியாவில் நரேனும் அவர் கூட்டாளியும் பந்தயத்துக்கே தகுதி பெறவில்லை, அவ்வளவு மெதுவான கார். மூன்று சீசன் ஓடிய அந்த அணி ஒரு புள்ளி கூட வாங்காமல் 2012 முடிவில் மூடப்பட்டது. இதில் ஓட்டியவரை மட்டும் தனியாகப் பிரித்துக் குறை சொல்வது எப்படி?

இந்த இருவருக்கும் சரிசமமான வண்டி கிடைத்தபோது என்ன நடந்தது? ஏ1 கிராண்ட் பிரீ என்று ஒரு பந்தயம் இருந்தது. நாட்டுக்கு ஒரு அணி, எல்லோருக்கும் ஒரே மாதிரி கார். அதில் 2007 டிசம்பரில் சீனாவின் ஜுஹாயில் இந்தியாவுக்காக நரேன் ஜெயித்தார். 2008-ல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச்சிலும் ஜெயித்தார். ஃபார்முலா ஒன்னுக்கு அடுத்த படியான ஜிபி2-விலும் எல்லோருக்கும் ஒரே கார்தான். அதில் கருண் 2007-ல் பெல்ஜியத்தின் ஸ்பா, 2008-ல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் என்று இரண்டு பந்தயங்களை ஜெயித்தார். மாடு சமமாக இருந்தபோது சாரதி யார் என்று தெரிந்தது.

அதற்காக இவர்கள் ஹன்ட், லாடா அளவுக்கு என்று சொல்ல வரவில்லை. ஒரே காரை ஓட்டுகிற அணிக் கூட்டாளிதான் நியாயமான அளவுகோல் என்பார்கள். 2005-ல் நரேனின் கூட்டாளி போர்ச்சுகலின் டியாகோ மான்டீரோ 7 புள்ளி எடுத்தார், நரேன் 5. அந்த 5-ம் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் மிஷெலின் டயர் பிரச்சினையால் 14 கார்கள் விலகி, ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில் வந்தவை. நரேன் நான்காவது. இன்றுவரை ஃபார்முலா ஒன்னில் ஒரு இந்தியர் எடுத்த புள்ளிகள் அவ்வளவுதான்.

காமர்ஸ் படிப்பவர்கள் 'ரஷ்' படத்தை இன்னொரு தடவை பார்த்தால் பந்தயத்துக்கு முன்னால் ஒரு பேலன்ஸ் ஷீட் தெரியும். பணக்காரக் குடும்பத்தில் பிறந்தும் வீட்டில் உதவி கிடைக்காததால் லாடா வங்கியில் கடன் வாங்கித்தான் அணியில் இடம் பிடித்தார். அதற்கு ஈடு அவருடைய ஆயுள் காப்பீட்டுப் பாலிசி. உயிரை அடகு வைத்து என்று சும்மா பேச்சுக்குச் சொல்வோமே, அவர் நிஜமாகவே வைத்தார்! ஹன்ட்டுக்குக் காசு போட்ட ஹெஸ்கெத் பிரபு 1975 முடிவில் கையை விரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து எமர்சன் ஃபிட்டிபால்டி மெக்லாரனை விட்டுப் போனதால் ஹன்ட்டுக்கு நாற்காலி கிடைத்தது. அது மட்டும் நடக்காமல் இருந்தால் 1976-ம் இல்லை, இந்தப் படமும் இல்லை.

அதாவது போட்டி என்பது இரண்டு பேர் முறைத்துக்கொள்வதால் மட்டும் வருவதில்லை. இரண்டு பேரையும் ஒரே மாதிரி வண்டியில், ஒரே கோட்டில் நிறுத்த யாரோ செலவு செய்ய வேண்டும். ஐரோப்பாவில் அதற்கென்று ஒரு தொழிலே இருக்கிறது. நம் பக்கம் சோழவரத்தில் விமான ஓடுபாதையில் பந்தயம் ஓட்டினார்கள். கோவையில் கரிவர்தன் மாருதி 800 இன்ஜினைப் போட்டு ஃபார்முலா மாருதி காரைச் செய்தார். 1990 வாக்கில்தான் இருங்காட்டுக்கோட்டையில் ஒழுங்கான தடம் வந்தது. நரேன் ஓட்டக் கற்றுக்கொண்டது அந்த ஃபார்முலா மாருதியிலும் அந்தத் தடத்திலும்தான். அங்கிருந்து கிளம்பி மேலே போனதே பெரிய விஷயம்.

2011 அக்டோபர் 30, டெல்லிக்குப் பக்கத்தில் முதல் இந்திய கிராண்ட் பிரீ. சினிமாக்காரர்கள் கிளைமாக்ஸ் வைக்க வேண்டும் என்றால் இங்கேதான் வைக்க வேண்டும். சொந்த நாடு, சொந்த ரசிகர்கள். நரேனுக்கு ஹிஸ்பானியா மறுபடி கார் கொடுத்தது. கருண் லோட்டஸின் மாற்று ஓட்டுநர். வெள்ளிக்கிழமை காலைப் பயிற்சியில் அவருக்கும் ஒரு கார் கிடைத்தது. சொந்த நாட்டுத் தடத்தில் இரண்டு தமிழ்நாட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் ஃபார்முலா ஒன் கார் ஓட்டியது அந்தப் பயிற்சியில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை நரேன் ஓட்டி 17-வதாக வந்தார். கருண் வேடிக்கை பார்த்தார். மூன்று வருடத்தோடு அந்தப் பந்தயமும் நின்றுபோனது.

அதற்குப் பிறகு நரேன் ஜப்பானுக்குப் போய்ப் பல வருடம் ஓட்டினார். 2019 நவம்பரில் ஜெர்மன், ஜப்பான் கார்கள் சேர்ந்து ஓடிய ஒரு பந்தயத்தில் ஹோண்டா காரில் ஜெயித்தார். எந்த ஊர் தெரியுமா? லாடா இறங்கிப்போன அதே ஃபூஜி. கருண் மைக் பிடித்து டிவியில் ஃபார்முலா ஒன்னை விளக்கினார், ரசிகர்கள் விரும்பிக் கேட்டார்கள்.

ஹன்ட்டும் லாடாவும் நிஜத்தில் படத்தில் காட்டிய அளவுக்கு எதிரிகள் இல்லை, நண்பர்கள்தான். ஒருவர் இருந்ததால்தான் இன்னொருவர் இவ்வளவு பெரிய ஆள் ஆனார். நரேனுக்கும் கருணுக்கும் அந்த வாய்ப்பே அமையவில்லை. அடுத்த தடவை அறையில் யாராவது "கடைசியில வந்தாங்களே" என்று சிரித்தால், எந்த மாட்டை ஓட்டினார்கள் என்று மட்டும் கேளுங்கள். மதுரைக்காரனுக்கு அதற்கு மேல் விளக்கம் சொல்லத் தேவையில்லை.