எரிகோவின் நீரூற்றும் நம் பின்தெருத் தொட்டியும்



தமிழ் வேதாகமத்தை வாசித்து வளர்ந்த நமக்குச் ‘சோதனை’ என்பது எளிதான சொல் அன்று. சாத்தான் கொண்டுவருவதும் சோதனை. ஆபிரகாம் மோரியா மலையில் கடந்ததும் சோதனை. ஆய்வகத்தில் இரத்தத்தைப் பார்ப்பதும் சோதனையே. ஆகையால், ஆலய அலுவலகச் சன்னலோரத்தில் நம் பெண்கள் ஐக்கியத்தார் வைத்திருந்த தண்ணீர்க் குப்பிகளைக் கண்ட மூப்பர் ஒருவர், “முப்பது வருஷமாய் ஜெபம்பண்ணிக் குடிக்கிற தண்ணீர், ஐயா. இதைச் சோதிக்கிறது கர்த்தரைச் சோதிக்கிறது ஆகாதா?” என்று கேட்டபோது, அதை வெறும் அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. மாசாவில் இஸ்ரவேலர் கர்த்தரைப் பரீட்சை பார்த்ததும் தண்ணீரின் நிமித்தமாகத்தானே!

ஆனால் மாசாவில் நடந்தது வேறு. தேவன் தங்கள் நடுவில் இருக்கிறாரா இல்லையா என்பதற்கு அவர்கள் அத்தாட்சி கேட்டார்கள். நாம் சோதிப்பதோ நம் குடத்தை. எல்லாவற்றையும் சோதித்து நலமானதைப் பற்றிக்கொள்ளும்படி பவுல் தெசலோனிக்கேயருக்குப் புத்தி சொன்னதை நாம் பிரசங்கங்களுக்கும் உபதேசங்களுக்கும் மட்டுமே பொருத்திப் பழகிவிட்டோம்.

இரண்டாம் இராஜாக்களின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தில் எரிகோவின் மனுஷர் எலிசாவிடம் வருகிறார்கள். தங்கள் பட்டணம் வாழ்வதற்கு ஏற்றது என்பதையும், அதன் தண்ணீர் கெட்டது என்பதையும் ஒரே மூச்சில் சொல்லுகிறார்கள். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். சுங்குவார்சத்திரமும் வாழ்வதற்கு நல்ல ஊர்தான். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு இங்கே வேலை கிடைத்திருக்கிறது. அவர்கள் அனுப்பும் பணத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. வழிப்போக்கருக்கு நீரும் நிழலும் கொடுத்த சத்திரத்தின் பெயரை இன்னும் தாங்கி நிற்கும் ஊர் இது. இங்கே தண்ணீரைப்பற்றிக் குறை சொன்னால் ஊரைப்பற்றிக் குறை சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

2021 டிசம்பரில், இப்பகுதித் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதையும், அவர்களுடைய தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்ததையும் நாம் மறந்திருக்கமாட்டோம். அது உணவால் வந்த கேடு. ஆயினும் வாடகை அறையில் தங்கும் ஒரு பெண் தான் உண்பதையும் குடிப்பதையும் தெரிந்தெடுக்கக்கூடாத நிலையில் இருக்கிறாள் என்பதை அது நமக்குக் காட்டிற்று.

இனி அந்தக் குப்பிகளைப்பற்றிச் சொல்லுகிறேன். 1982ஆம் ஆண்டில் குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் வெளியிட்ட எளிய முறை இது. மருந்து தோய்த்த காகிதம் உள்ள குப்பியில் குறியளவு நீரை ஊற்றி, மூடி, ஓரிரு நாள் வைத்திருந்தால் போதும். நம் ஊர் வெப்பமே மற்றதைச் செய்துவிடும். மலக்கழிவோடு வரும் கிருமிகள் நீரில் இருந்தால், அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு மருந்திலுள்ள இரும்போடு சேர்ந்து நீரைக் கறுப்பாக்கும். 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ச் சோதனையில் பயிற்சி கொடுக்கவேண்டும் என்று வகுத்திருக்கிறது. குடத்தைச் சுமக்கிறவர்கள் கையிலேயே சோதனையையும் கொடுத்தது ஞானமான ஏற்பாடு என்பேன்.

தெருக்குழாய் நீரின் நிறம் மாறவில்லை. ஆலயத்து ஆழ்துளைக் கிணற்று நீரும் அப்படியே இருந்தது. நம்முடைய சில வீடுகளின் பிளாஸ்டிக் குடத்து நீர் கறுத்தது. குழாயில் நன்றாயிருந்த நீர் குடத்தில் கெட்டது எப்படி? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2004இல் இதையே எழுதினார்கள்: அந்நகரில் அவர்கள் ஆராய்ந்த வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில், சேமித்து வைத்த நாட்களிலேயே நீரின் மாசு கூடியிருந்தது. பித்தளைப் பாத்திரத்தில் வைத்த நீரில் மாசு குறைவாயிருந்ததையும் கண்டார்கள். (நம் பாட்டிமார் சிரித்திருப்பார்கள்.) குடத்துக்குள் கைவிட்டு மொள்ளாமல் பிடியுள்ள கரண்டியால் எடுப்பதும், மூடி வைப்பதும் அவரவர் வீட்டிலேயே செய்யக்கூடியவை.

எல்லாவற்றிலும் அதிகமாக, மை கரைத்தாற்போல் கறுத்தது பின்தெரு வாடகை அறைகளின் தரைத்தொட்டி நீர். பார்வைக்கு அது பளிங்குபோல் இருந்தது. 1854ஆம் ஆண்டு இலண்டனின் பிராட் தெருவிலிருந்த அடிபம்பு நீரும் தெளிவுக்கும் சுவைக்கும் பேர்பெற்றதுதான். காலராவால் அவ்வட்டாரத்தில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காரணம் அந்த நீரே என்றார் மருத்துவர் ஜான் ஸ்நோ. அங்கே ஊழியம் செய்த இளம் உதவிக் குருவானவர் ஹென்றி ஒயிட்ஹெட் அதை நம்பவில்லை. தவறென்று நிரூபிக்கவே வீடுவீடாய்ப் போனார். அந்தக் குடும்பங்களை அவர் பெயர் சொல்லி அறிந்தவர். யார் அந்த நீரைக் குடித்தார்கள், யார் குடிக்கவில்லை என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் ஸ்நோ சொன்னதே சரி என்று கண்டார். நோயுற்ற ஒரு கைக்குழந்தையின் துணி அலசிய நீர், பம்பை ஒட்டியிருந்த வீட்டின் கழிவுக்குழியில் ஊற்றப்பட்டுக் கிணற்றில் கசிந்ததையும் கண்டறிந்தவர் அவரே. இறையியல் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித்தராத சபை விசாரிப்பு இது.

நம் பின்தெருவிலும் தொட்டிக்கும் கழிவறைக் குழிக்கும் சில அடிகளே இடைவெளி. தொட்டிச் சுவரில் வெடிப்பும் உண்டு. அறைகளின் உரிமையாளர் நம் சபையைச் சேர்ந்தவர். அவருடைய சம்மதத்தோடேயே இதை எழுதுகிறேன். “பிளீச்சிங் பவுடர் போட்டுவிடலாமே, ஐயா” என்றார் முதலில். அது எலிசா செய்ததல்ல. அவர் வீட்டுக்கு வீடு குடங்களில் உப்பிடவில்லை. நீரூற்றின் தலைக்கே போனார். அழுக்கு கசிந்துகொண்டேயிருந்தால் போடுகிற குளோரினை அதுவே தின்றுவிடும். புதிதாக இருக்கையில் ஏறக்குறைய 33 விழுக்காடு குளோரினுள்ள அந்தத் தூளும், ஈரத்திலும் வெயிலிலும் வைத்திருந்தால் நாளடைவில் வெறும் சுண்ணாம்பாகும். காய்ச்சுவது கிருமியைக் கொல்லும். கழிவால் ஏறிய நைட்ரேட்டை அது நீக்காது, நீர் வற்ற வற்ற செறிவு கூடவே செய்யும். நைட்ரேட்டின் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதை அறியும்படி ஒரு போத்தல் நீர் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கும் போகிறது.

செலவைக்குறித்து உரிமையாளர் கலங்கியது நியாயமே. ஆனால் அங்கே தங்கியிருக்கும் சகோதரிகள் வயிற்றுப்போக்கோடே வேலைக்குப் போயும் வாய்திறக்கவில்லை. அறை போய்விடும் என்ற பயம். வாடகை வாங்குகிறவர் தண்ணீருக்கும் பொறுப்பாளி என்று நான் அவருக்குச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துக் கொத்தனாரை அழைத்திருக்கிறார். கழிவுக்குழியை மாற்றும் செலவில் ஒரு பகுதியைச் சபையின் தர்மநிதியிலிருந்து கடனாகக் கொடுக்க ஆலோசனைச் சங்கம் இசைந்திருக்கிறது.

வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொட்டியை இறைத்துக் கழுவி வெடிப்பை அடைக்கிறோம். பின்னர் குளோரின் இட்டு, அரைமணி நேரம் பொறுத்து, குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மீந்திருக்கிறதா என்று பார்ப்போம். வாலிபர்கள் வாளியும் துடைப்பமுமாய் வரவும். பகல் முழுதும் அந்த அறைகளில் தண்ணீர் இராது. இரவுப் பணி முடித்துக் காலையில் திரும்பும் சகோதரிகளுக்காக, அத்தெருவில் குடியிருக்கும் நம் குடும்பத்தார் இரண்டிரண்டு குடம் காய்ச்சி ஆறின நீரை மூடி வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.