பெட்டி எண்ணுக்கு மேலே ஒரு வரி

துபாயில் நான் வேலை பார்த்த காலத்தில் தபால்காரர் வீடு தேடி வரமாட்டார். எத்தனை மாடிக் கட்டிடமாக இருந்தாலும் கடிதத்துக்கு முகவரி தபால் பெட்டி எண்தான். தபால் நிலையச் சுவரில் வரிசை வரிசையாகச் சின்ன இரும்புக் கதவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு சாவி, ஆண்டு வாடகை. கட்டுமானக் கம்பெனி ஒன்றின் பெட்டிச் சாவி பல வருடம் என் இடுப்பில் தொங்கியது. காலையில் கராமா தபால் நிலையத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, வந்ததை அள்ளி, பிரித்து, ஆளாளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை.

தபால் பெட்டி எண் நம் ஆட்களுக்குப் புதிதில்லை. இலங்கை வானொலிக்கு நேயர் விருப்பம் எழுதிய தலைமுறைக்குத் த.பெ. எண் 574, கொழும்பு என்பது இன்றும் மனப்பாடம். ஆனால் அந்த எண்ணுக்கு வருவதெல்லாம் ஒரே நிலையத்துக்கு. கம்பெனிப் பெட்டி அப்படி இல்லை. ஒரே எண்ணுக்குப் பின்னால் கொத்தனார், கம்பி கட்டுகிறவர், ஹெல்ப்பர், டிரைவர் என்று ஒரு ஊரே இருக்கும். சொந்தமாகப் பெட்டி எடுத்து வருடா வருடம் வாடகை கட்ட ஒரு ஹெல்ப்பரின் சம்பளத்தில் இடம் இல்லை. கம்பெனி பெட்டியை நம்பாத சிலர், பழக்கமான மளிகைக் கடைக்காரரின் பெட்டி எண்ணைக் கேட்டு வாங்கி எழுதச் சொல்வார்கள். வாடகை கட்டுகிறவர் பெயரில்தான் பெட்டி. அதில் விழும் கடிதத்துக்கு உரியவர் வேறு ஒருவர். என் வேலையின் சிக்கல் எல்லாம் அந்த இடைவெளியில்தான்.

துபாயில் முதல் தபால் நிலையம் 1909இல் வந்தது. அதை நடத்தியது அன்றைய இந்திய அஞ்சல் துறை. மஸ்கட்டில் அதற்கும் முன்னால், 1864இலேயே. இந்தியத் தபால்தலைதான் அங்கே ஒட்டினார்கள். அந்த ஊர்களுக்கும் நமக்கும் கடிதப் போக்குவரத்து அவ்வளவு பழசு. எங்கள் ராசிபுரம் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பையன்கள் விமானம் ஏறியது ரொம்பப் பிந்தி.

பெட்டியைத் திறந்ததும் முதலில் எமிரேட் பெயரைப் பார்ப்பேன். பெட்டி எண்கள் ஊருக்கு ஊர் தனி. துபாயில் இருக்கும் அதே எண் ஷார்ஜாவிலும் இருக்கும், அபுதாபியிலும் இருக்கும். எண் சரியாக இருந்தும் ஊர்ப் பெயர் விட்டுப்போனால், கடிதம் எந்த ஊர்ப் பெட்டியிலும் விழலாம். எங்கள் பெட்டியில் அப்படி வந்து விழுந்ததை அன்றைக்கே கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மேசையில் போட்டு வைத்தால் அது அங்கேயே கிடக்கும்.

அடுத்தது பெயர். நம் ஆட்களுக்கு இனிஷியலும் பெயரும்தான். ஊரில் இருந்து வரும் உறையில் கு. முருகேசன் என்று இருக்கும். கம்பெனிப் பட்டியலில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முருகேசன் குப்புசாமி. சில சமயம் அப்பா பெயர் முன்னால் போய், அரபி குமாஸ்தா அவரைக் குப்புசாமி என்றே கூப்பிடுவார். தொழிலாளர்கள் தங்கும் சோனாப்பூர் கேம்பில் ஒரு தளத்திலேயே முருகேசன்கள் பல பேர். அப்போது உறையைத் திருப்பி, பின்கோடைப் பார்ப்பேன். 636 என்றால் சேலம் பக்கம். 637 என்றால் நாமக்கல் பக்கம். அதிலும் 637501 ஆட்டையாம்பட்டி, 637408 ராசிபுரம், 637505 எங்கள் வெண்ணந்தூர். அனுப்புநர் முகவரியே எழுதாமல் விடுகிறவர்கள் உண்டு. அந்த உறைக்குத் தபால் முத்திரைதான் கதி. விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால், மை மங்கிய முத்திரையிலும் ஊர்ப் பெயரின் பாதியாவது தட்டுப்படும். ஊர் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும்.

இப்படித் தேடுவதற்கு நல்ல மாற்று, லீவில் ஊருக்குப் போகும்போதே உறைகளை எழுதி வைத்துவிட்டு வருவது. பெயர், அதற்குக் கீழே கம்பெனி ஆளுக்கு ஆள் கொடுக்கும் பேட்ஜ் நம்பர், கம்பெனி பெயர், பெட்டி எண், ஊர், நாடு. பேட்ஜ் நம்பர் வரி மிக முக்கியம். பெட்டி எண் கடிதத்தைக் கராமா வரைக்கும்தான் கொண்டுவரும். அதற்கு மேல் ஆளிடம் சேர்ப்பது அந்த ஒரு வரிதான். கட்டுக் கட்டாக எழுதி மனைவி கையில் கொடுத்துவிட்டு வந்தவர்களின் கடிதம் ஒன்றுகூடத் தவறி நான் பார்த்ததில்லை. வெண்ணந்தூருக்கு வரும்போதெல்லாம் உறைகளைப் பிள்ளைகளை வைத்து எழுதி வைக்கும்படி வீடு வீடாகச் சொல்லியிருக்கிறேன். "ஏனுங்கண்ணா, நீங்களே எழுதிக் குடுத்துட்டுப் போயிடுங்களேன்" என்று உறைக்கட்டை நீட்டுவார்கள். உட்கார்ந்து எழுதிக் கொடுப்பேன். கிளம்பும்போது புருஷனுக்கென்று ஒரு பொட்டலம் அவல் மிட்டாயும் என் பைக்குள் போகும்.

வந்த கடிதத்தைத் தாமதிக்கக் கூடாது. அப்போது வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அதனால் வியாழன் இரவு கேம்புக்குப் போய்விடுவேன். சைட் ஆபீசில் மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்பார்கள். நான் ஒத்துக்கொண்டதே இல்லை. ஃபோர்மேன் மேசை டிராயரில் கடிதங்கள் வாரக்கணக்கில் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் ஊரில் கல்யாணமே முடிந்திருக்கும். ரிஜிஸ்டர் தபால் என்றால் பெட்டியில் சீட்டு மட்டும் கிடக்கும். கவுண்டரில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். அதை வாங்கினதும் அன்று மாலையே ஆள் கையில் சேர்த்துவிடுவேன். டிடி, நிலப் பத்திர நகல், கோர்ட் நோட்டீஸ், இப்படி எதுவாகவும் இருக்கலாம். என்ன என்று நான் கேட்டதில்லை. படிக்கத் தெரியாதவர் உட்காரச் சொன்னால் மட்டும் பிரித்துப் படித்துக் காட்டுவேன். படித்ததை இன்னொருவரிடம் சொன்னதில்லை. சாவியை நம்பிக் கொடுத்தவன் கம்பெனிக்காரன் என்றாலும் நான் பதில் சொல்ல வேண்டியது அந்த ஆளுக்குத்தான் என்பது என் எண்ணம்.

இப்போது எல்லாரும் போனிலேயே முகம் பார்த்துப் பேசுகிறார்கள். நல்லதுதான். ஆனால் தபால் போய்விடவில்லை. ஏடிஎம் கார்டு, செக் புக், எல்ஐசி நோட்டீஸ் எல்லாம் காகிதமாகத்தான் வருகின்றன. இந்த முறை அவை வெண்ணந்தூருக்கு வருகின்றன, ஆள் வெளிநாட்டில். வீடு பூட்டியிருந்தால் திரும்பிப் போய்விடும். நம்ம ஊர்த் தபால் நிலையங்களிலும் வாடகைக்குப் பெட்டி உண்டுதானே என்று கேட்கிறார்கள். உண்டு. ஆனால் கூரியர்காரர் அதில் போட முடியாது. வீட்டு விலாசம் கேட்கும் இடத்தில் பெட்டி எண் செல்லாது. திறந்து பார்க்கப் பொறுப்பான ஒரு ஆளும் வேண்டும். அந்த ஆள் இருந்தால், அவர் வீட்டு விலாசத்தையே மேற்பார்வை என்று போட்டுக் கொடுத்துவிடலாம், பெட்டியே தேவையில்லை. அக்கா தங்கச்சி வீடு, மச்சான் வீடு, எதுவானாலும் தபால் வந்த அன்றே போட்டோ எடுத்து அனுப்புகிறவராகப் பாருங்கள்.

வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. கம்பெனி மாறும்போது எல்லாரும் சம்பளக் கணக்கைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பழைய பெட்டி எண்ணையும் பாருங்கள். சாவி பழைய முதலாளியிடம் இருக்கிறது. வாடகை கட்டாமல் விட்டால் பெட்டி மூடப்படும். அதே எண் பின்னால் வேறொருவர் கைக்கும் போகலாம். ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முந்தின வாரமே பேங்கிலும் இன்சூரன்சிலும் விலாசத்தை மாற்றிவிட்டு, பழைய ஆபீசில் சாவி வைத்திருக்கிற ஆளிடம் உங்கள் புது நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.