சோனகச் சேர்தான் அனுப்பினவராம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் ஆறுதலாக வாசியுங்கோ.

இரண்டு கிழமையாகச் சந்தியில் ஒரு கதை ஓடுகிறது. "அந்தச் சோனகச் சேர்தான் பொடியனை ஆமிக்கு அனுப்பினவராம்." என் காதுக்கு வந்துசேர நாலு நாள் பிடித்தது. சொன்னவர்களில் கோபம் இல்லை. ஆனால் நான் இந்த ஊரில் பிறந்தவன் இல்லை, நாளைக்கு யாரும் என்னைக் கேட்காமலே ஒரு முடிவுக்கு வந்துவிடக்கூடாது. அந்தத் தம்பியிடமும் அவருடைய அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. தெரிந்தவர்களும் கீழே போடவேண்டாம்.

பத்தாம் வகுப்பில் இருந்து என்னிடம் கணிதம் படித்த பிள்ளை. உயர்தரத்தில் கணிதப் பிரிவு. பெறுபேறு வந்தபோது பொறியியலுக்கான வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டார். நல்ல பெறுபேறு, ஆனால் எங்கட மாவட்டத்தில் நல்ல பெறுபேறு போதாது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பௌதிக விஞ்ஞானம் கிடைக்கும். பிள்ளைக்கு வேண்டியது பொறியியல்.

ஒரு பின்னேரம் வந்து, "சேர், ஒரு விசயம் கதைக்கோணும். வீட்டில சொல்லாதேங்கோ" என்றார். கையில் ஒரு அச்சுப் பிரதி. ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம், பயிலிளவல் அதிகாரிகளுக்கான விண்ணப்பம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரத்மலானையில், முன்னாள் பிரதமர் கொத்தலாவல கொடுத்த கந்தவலைக் காணியில், 1980 இல் தொடங்கிய இடம் அது. காசு கட்டிப் படிக்கிற பிள்ளைகளும் அங்கே உண்டு. பயிலிளவல் அதிகாரியாகப் போனால் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. படிப்பு, விடுதி, சாப்பாடு, சீருடை எல்லாம் அரசின் செலவு, மாதச் சம்பளமும் உண்டு. படிப்பு ஆங்கிலத்தில். பட்டம் முடிய முப்படைகளில் ஒன்றில் அதிகாரி. இடையில் விலகினால் பிணைப்பத்திரத்தில் உள்ளபடி காசைத் திருப்பிக் கட்டவேண்டும். எங்களுக்குப் பழக்கமான மாவட்டக் கோட்டாவும் வெட்டுப்புள்ளியும் அங்கே இல்லை. பொடியனுக்கு முதலில் பிடித்தது அதுதான்.

பிள்ளையின் வீட்டு நிலைமையையும் சொல்லவேண்டும். தகப்பன் குத்தகைக் காணியில் வெங்காயம் போடுகிறவர். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே நாளில் 340 ஆனதே, அந்த மாதம் அவர் இறைப்பு மெசினை மூடிவைத்துவிட்டு ஒரு போகத்தை அப்படியே காயவிட்டவர். பிறகு அக்காவின் நகை போனது. கீழே இன்னும் இரண்டு பிள்ளைகள். அந்த வருடம் பல்கலைக்கழகப் பிள்ளைக்கு மகாபொல மாதம் 5,000 ரூபா. அறை வாடகைக்கே அது காணாது.

நான் உடனே "ஓம்" என்று சொல்லவில்லை. சொல்லப்போனால் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2021 இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கான சட்டமூலத்தை எதிர்த்து எங்கட ஆசிரியர் சங்கங்கள் தெருவில் இறங்கினபோது நானும் ஆதரித்தவன். ஜோசப் ஸ்டாலின் உட்படப் பலரைப் பிடித்து முல்லைத்தீவில் விமானப்படை முகாமில் தனிமைப்படுத்தினார்களே, அந்த ஆடி மாதம். சம்பளப் போராட்டத்தில் இணையவழிப் பாடத்தை நிறுத்தியவர்களில் நானும் ஒருவன். இப்போது அதே இடத்துக்கு என் மாணவனுக்கு நற்சான்றுக் கடிதம் எழுதவேண்டும்!

அதற்கு மேல் இன்னொன்று. அதே நாட்களில் என் மேசை லாச்சியில் வேறொரு படிவம் கிடந்தது. பாடசாலையில் தேசிய மாணவர் படையணி, எங்கட வாயில் கடேற், தொடங்குவதற்கு ஒரு ஆசிரியர் பொறுப்பெடுக்கவேண்டும், "நீர் இளம் ஆள், செய்யுமன்" என்று கேட்டிருந்தார்கள். ரந்தெம்பையில் பயிற்சி. முடிந்தால் ஆசிரியராக இருந்தபடியே ஒரு அதிகாரித் தரம், சீருடை. 2013 அளவில் அதிபர்மாருக்குக் கேணல் தரம் கொடுத்து எல்லோரும் சிரித்தோமே, அதன் சின்னத் தம்பி இது.

ஆக, பொடியனுக்கு முழுநேரம், எனக்குப் பகுதிநேரம். இரண்டு பேரும் ஒரே கேள்வியோடு ஒரே மேசையில் இருந்தோம். அவருக்கு இது தெரியாது. பிறகுதான் சொன்னேன்.

எனக்குக் கடேற் புதிதில்லை. 1990 ஐப்பசி 30 இல் எங்களை யாழ்ப்பாணத்தில் இருந்து இரண்டு மணித்தியாலத்தில் எழுப்பினபோது எனக்கு இரண்டு வயது. வளர்ந்தது புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில். பாடசாலையிலும் நாங்கள் "அகதிப் பொடியன்கள்". ஒன்பதாம் வகுப்பில் கடேற்றில் சேர்த்தார்கள். சனிக்கிழமை காலையில் அணிநடை, முடிய ஒரு பணிசும் பிளேன்ரீயும். சப்பாத்தைப் பளபளப்பாக்க வாப்பாவும் கூட இருந்து தேய்ப்பார். வரிசையில் நிற்கும்போது யார் அகதி, யார் ஊர்க்காரன் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தச் சந்தோசத்தை நான் மறைக்கமாட்டேன். உயர்தரம் வந்ததும் விட்டுவிட்டேன், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பகுதிநேரத்தின் பெரிய வசதி அதுதான். கழற்றி வைக்கலாம்.

அதனால் முதலில் பொடியனிடம் அந்த வழியைத்தான் சொன்னேன். "பௌதிக விஞ்ஞானத்துக்குப் போ தம்பி. பட்டம் எடு. உனக்குச் சீருடை ஆசை என்றால் இராணுவத் தொண்டர் படை இருக்கு, பிறகு பார்க்கலாம்." உதாரணத்துக்கு அன்ரன் முத்துக்குமாருவைச் சொன்னேன். இந்த நாட்டு இராணுவத்துக்குத் தளபதியான முதல் இலங்கையர் ஒரு தமிழர். 1955 முதல் 1959 வரை. அவர் ஒக்ஸ்போர்ட்டில் படித்த சட்டத்தரணி. 1934 இல் சேர்ந்தது தொண்டர் படையான இலங்கை இலகு காலாட்படையில். வழக்கும் பார்த்து, பயிற்சிக்கும் போய், யுத்தம் வந்தபிறகு முழுநேரமானவர். கடற்படைக்கும் 1960 முதல் பத்து வருடம் ராஜன் கதிர்காமர் தளபதி. பொடியன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். எங்கட வரலாற்றுப் புத்தகத்தில் இதெல்லாம் எங்கே!

ஆனால் வீட்டுக்குப் போய்ப் படுத்தபிறகு, நான் சொன்னது சரியா என்று யோசனை வந்தது. முத்துக்குமாருவின் காலம் வேறு. 1962 சதி முயற்சிக்குப் பிறகு படையின் முகமே மாறிவிட்டது. தொண்டர் படையும் யுத்தகாலத்தில் பெயரில்தான் தொண்டர். அந்தப் படைப்பிரிவுகள் வருடக்கணக்காக முழுநேரமாகவே முன்னரங்கில் நின்றன. பகுதிநேரம் என்று கையெழுத்து வைத்தவனையும் அரசு கூப்பிட்டால் அவன் போகத்தான் வேண்டும்.

இன்னொன்றும் தலைக்குள் சுற்றியது. கிழக்கில் எங்கட ஆட்கள் ஊர்காவல் படையில் சேர்ந்தார்கள். பகல் வயல், இரவு துவக்கு. பாதுகாப்புக்குத்தான் சேர்ந்தார்கள், பள்ளிவாசலுக்குள்ளேயே ஆட்களைச் சுட்ட காலம் அது. ஆனால் அதில் சிலர் பக்கத்துத் தமிழ் ஊர்களுக்குச் செய்ததும் நடந்ததுதான், அதை நான் இங்கே மூடி எழுதமாட்டேன். கணக்குத் தீர்த்தது படைத்தலைமையகம் இல்லை, இரண்டு ஊர்களும்தான். முழுநேரப் படையாள் மாற்றலாகிப் போய்விடுவான். பகுதிநேரப் படையாள் பின்னேரம் அதே ஒழுங்கையால் வீட்டுக்கு வருகிறவன். வன்னியில் முன்பள்ளி ஆசிரியைகளுக்குச் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் சம்பளம் கொடுத்ததைப் பாருங்கோ. வேறு இடத்தில் அவ்வளவு சம்பளம் இல்லை என்றுதான் அந்தப் பிள்ளைகள் போனார்கள். ஊர் அவர்களைப் பார்த்த பார்வை வேறு.

அதாவது நான் இலேசானது என்று நினைத்ததுதான் எங்கட மண்ணில் பாரமானது. இரத்மலானையில் ஒரு பொடியன் சீருடை போட்டால் அளவெட்டியில் ஒருவரும் காணப்போவதில்லை. நான் கடேற் சீருடை போட்டுக்கொண்டு கும்பிளாவளைப் பிள்ளையார் கோவிலடியால் மோட்டார் சைக்கிளில் வந்தால்? ஒரு முஸ்லிம் ஆசிரியர், ஆமிப் பச்சையில், உங்கள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி. உங்களில் பலருக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். பிழை என்றும் சொல்லமாட்டேன்.

அடுத்தநாள் பொடியனிடம் நான் முதல்நாள் சொன்னதில் பாதியைத் திருப்பி எடுத்தேன். பிணைப்பத்திரம் பற்றி மட்டும் விளக்கமாகக் கதைத்தேன், ஏனென்றால் அதில் எனக்கு அனுபவம் இருக்கு. கல்வியியற் கல்லூரிக்குப் போனவர்கள் எல்லோரும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவர்கள்தான். இரண்டு வருடம் விடுதி, ஒரு வருடம் கட்டுறுபயிற்சி, பிறகு அனுப்புகிற இடத்துக்குப் போகவேண்டும். பத்தொன்பது வயதில் கையெழுத்து வைக்கும்போது அது வெறும் தாள். இருபத்தைந்து வயதில், வாப்பா ஆஸ்பத்திரியில், நான் தூரத்து ஊரில், விலகவும் முடியாமல் மாற்றலும் கிடைக்காமல் நின்றபோதுதான் அந்தத் தாளின் பாரம் தெரிந்தது. என் ஒப்பந்தத்தில் மிஞ்சிப்போனால் ஒரு பாடசாலை பிடிக்காமல் போகும். உன்னுடையதில் பிடிக்காத கட்டளை வரும், என்று சொன்னேன். "சொந்தச் சனத்துக்கு முன்னால நிற்கச் சொன்னால் என்ன செய்வாய்?" என்றும் கேட்டேன்.

"தெரியாது சேர்," என்றார். பொய் சொல்லாத பிள்ளை.

இன்னொரு கணக்கும் காட்டினேன். 2023 தையில் பாதுகாப்பு அமைச்சு சொன்னது: இராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட தொகை 200,783, அதை 2024 இல் 135,000 ஆகவும் 2030 இல் 100,000 ஆகவும் குறைப்போம் என்று. பொறியியல் பட்டதாரி அதிகாரிக்கு இடம் இருக்கும்தான். ஆனாலும் சுருங்குகிற நிறுவனத்தில் மேலே ஏறுகிற படி ஒடுக்கம். அதில் தமிழ்ப் பெயர் எவ்வளவு தூரம் ஏறும் என்பதை அவரே யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்குச் சொல்லாமல் கடிதம் தரமாட்டேன் என்பது மட்டும்தான் நான் வைத்த நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். அம்மா அழுதார். "சேர், நீங்களாவது வேண்டாம் எண்டு சொல்லுங்கோவன்." தகப்பன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பேசினது அம்மம்மா.

அம்மம்மாவின் வீடு பலாலிப் பக்கம். 1990 ஆனியில் எழும்பினவர். காணி இன்றைக்கும் முட்கம்பிக்கு உள்ளே. என்னைப் பார்த்து, "மோனை, நாங்கள் ஆனியில, நீங்கள் ஐப்பசியில, ஒரே வருசம்" என்றார். யாழ்ப்பாணத்தில் எனக்கு ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. (ஐந்து வருடம் கழித்து அதே ஐப்பசி 30 இல் வலிகாமமே எழும்பியது என்பதை நினைத்தால் இப்போதும் மெய் சிலிர்க்கும்.) பிறகு பேரனிடம் கேட்டார்: "அங்க போனா எங்கட வளவுக்குள்ள உன்னை விடுவாங்களோ?" பகிடியா கோபமா என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. பொடியன் தலையைக் குனிந்தார்.

அன்றைக்கு முடிவு ஒன்றும் எடுக்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் தகப்பன் பாடசாலை வாசலுக்கு வந்து, "எழுதிக் குடுங்கோ சேர். படிப்பிக்க என்னட்டக் காசில்லை எண்டு தெரிஞ்சுகொண்டு மறிக்கிறது சரியில்லை" என்றார். நான் எழுதிக்கொடுத்தேன். பிள்ளை நேர்மையானவர், கணிதத்தில் கெட்டிக்காரர் என்று எழுதினேன். இரண்டும் உண்மை. நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தபோது கொழும்பு பஸ்சுக்குக் காசு கொடுத்தது அம்மம்மா என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தேர்வு முடிந்துவிட்டது, முடிவு இன்னும் வரவில்லை. பௌதிக விஞ்ஞானத்துக்கான பதிவையும் செய்துதான் வைத்திருக்கிறார், அந்தக் கதவை மூடவேண்டாம் என்று நான்தான் நெருக்கினேன். கிடைத்தால் போவாரா என்று இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் இரண்டு பதில்.

ஆகவே "சோனகச் சேர்தான் அனுப்பினவர்" என்பது சரியில்லை. "சோனகச் சேர் கடிதம் கொடுத்தவர்" என்று சொன்னால் மறுக்கமாட்டேன். கொடுத்திருக்கக்கூடாது என்று நினைக்கிறவர்கள் இருப்பீர்கள். அந்த வீட்டுக்கு மாதாமாதம் ஒரு தொகை சேர்த்துக் கொடுக்கலாம், பொடியன் இங்கேயே படிக்கட்டும் என்று யாராவது முன்வந்தால் நான் முதல் ஆளாகப் பங்கு போடுவேன். வெளிநாட்டில் இருந்து வாசிக்கிற எங்கட பழைய மாணவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் லாச்சியில் உள்ள கடேற் படிவத்தில் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. அடுத்த கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கு. அதில் இதையும் எடுத்துக் கதைக்க அதிபரிடம் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதா வேண்டாமா என்று உங்களைக் கேட்காமல் நான் பதில் கொடுக்கப்போவதில்லை. கட்டாயம் வாருங்கோ. விண்ணப்ப அறிவித்தலின் பிரதியும் என்னிடம் இருக்கு, வேறு பிள்ளைகள் யோசித்துக்கொண்டிருந்தால் முதலில் வீட்டில் சொல்லிவிட்டு வந்து வாசித்துப் பார்க்கலாம்.