சருகு முறியும் பதம்

பொங்கலுக்கு வந்திருந்த தங்கை மகன் கைபேசியில் ஒரு வீடியோ காட்டினான். வனக்காப்பாளராகச் சேர்ந்து அவனுக்கு இரண்டு வருடம் ஆகிறது. எந்தக் கோட்டம் என்பது இங்கே வேண்டாம். உச்சிவெயிலில் பயர்லைன், அதாவது காட்டுத்தீ தாண்டாதிருக்க வெட்டி எரித்து வைக்கும் கோடு, எரிகிறது. முதுகில் புளோயர் மாட்டிய ஒருவர் சருகை ஊதித் தள்ளிக்கொண்டு முன்னால் போக, பின்னால் வருகிறவர் டார்ச்சால் தீ வைத்துக்கொண்டே ஏறக்குறைய ஓடுகிறார். "ரெண்டே நாள்ல பத்து கிலோமீட்டர் மாமா" என்றான். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று கேட்டேன். அவனுக்கு நினைவில்லை. "தீப்பெட்டி இருந்தா யாரு வேணா வெக்கலாம் மாமா, இதுல என்னா இருக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

இரண்டு வாரமாக அந்தச் சொல் என்னை விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் மேல்பட்டாம்பாக்கத்தில் நெருப்பு வைக்கத் தெரியாதவர் இல்லை. கரும்பு வெட்டி ஆலைக்கு லோடு போன கையோடு சோகையைக் கொளுத்துவார்கள். காற்று வாட்டம் பார்த்து ஒரு மூலையில் வைத்தால் பனையளவு எழும்பிக் கால் மணி நேரத்தில் கொல்லை கரியாகிவிடும். பதினைந்து வயதில் நானும் வைத்திருக்கிறேன். அந்தத் தைரியத்தோடுதான் 1986ல் பாரஸ்ட் கார்டாகச் சத்தியமங்கலம் கோட்டத்துக்குப் போனேன். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி மேலே போனால் ஆசனூர், தலமலை, தாளவாடி. கர்நாடக எல்லை அங்கேயே வந்துவிடும், அதற்கப்பால் பிளிகிரிரங்கன் மலை. காடு ஒன்றுதான், கோடு மட்டும் இரண்டு மாநிலத்துக்கு நடுவில். இரண்டு பக்கமும் சோளகர் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். நம் பக்கம் அவர்கள் ஊருக்குத் தொட்டி என்று பெயர், அந்தப் பக்கம் போடு.

வைகை அணைப் பயிற்சியில் தீயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் சரியான பாடம்தான். தீ மேட்டில் வேகமாக ஏறும், பள்ளத்தில் மெதுவாக இறங்கும். சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். காற்றோடு போகும் தீ வேறு, காற்றை எதிர்த்துப் போகும் தீ வேறு. மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் ஒரு காட்டை எந்த நாளில், எந்த மணியில் கொளுத்தலாம் என்பதை ஒரு தாத்தாதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். ஆசனூர்ப் பக்கத்துத் தொட்டி ஒன்றில் இருந்தார், தினக்கூலிக்கு பயர்லைன் வேலைக்கு வருவார். என் காவல் எல்லையான பீட்டில் அவர் பெயர் மஸ்டர் ரோல் என்கிற கூலிப் பட்டியலில் கடைசியில் இருந்தது. வயதானவர் என்று எல்லாருக்கும் கீழே எழுதியிருந்தார்கள்.

முதல் ஜனவரியில் கோடு வெட்டி, வெட்டிய புல் காய்ந்து கிடந்தது. ஆறு மீட்டர் அகலம். கொளுத்தலாம் என்றேன். தாத்தா குனிந்து, கோட்டிலிருந்து எடுக்காமல் கோட்டுக்கு உள்ளே காட்டிலிருந்து ஒரு கை சருகு அள்ளினார். மேலே கிடப்பதை ஒதுக்கிவிட்டு அடியில் கிடந்ததை எடுத்தார். மெல்ல மடக்கினார். மடங்கியது, முறியவில்லை. "இன்னும் ஆகல கார்டு" என்று போட்டுவிட்டார். எட்டு நாள் கழித்து மறுபடி போனோம். மறுபடி அள்ளினார், மறுபடி ஆகவில்லை. எனக்கோ மேலிடத்துக்கு வாராந்தர அறிக்கை போகவேண்டும். பன்னிரண்டாவது நாளோ என்னவோ, சருகு மடங்கி, ஒரு நொடி நின்று, பிறகு முறிந்தது. அவர் தலையாட்டினார்.

அந்த ஒரு நொடிதான் முழு வித்தையும். மடக்கியதும் நொறுங்கித் தூளானால் காலம் கடந்துவிட்டது. மடங்கியே கிடந்தால் காலம் வரவில்லை. இடையில் உள்ள பதம் ஓர் இடத்தில் பத்து நாள் இருக்கும், இன்னோர் இடத்தில் நாலே நாள். வடக்குப் பார்த்த சரிவில் தள்ளி வரும், பாறை வெளியில் முந்தி வரும், ஓடைக்கரையில் சில வருடம் வராமலே போகும். மூன்று வருடம் என் கை ஏமாந்துகொண்டே இருந்தது. வெக்காலிச் சருகும் தேக்குச் சருகும் வேறு வேறு மாதிரி முறியும் என்பதே எனக்கு இரண்டாம் வருடம்தான் பிடிபட்டது. தேக்கு காயாமலே முறியும், அதை நம்பக்கூடாது. எந்தச் சருகை நம்பலாம் என்று தாத்தாவிடம் கேட்டால் பதில் வராது. அள்ளிக் கையில் கொடுப்பார், அவ்வளவுதான்.

வைப்பதும் அப்படித்தான். மதியத்தில் வைக்கமாட்டார். வெயில் சாய்ந்து நாலு மணிக்கு மேல், மேலேறும் காற்று தளரத் தொடங்கும் நேரத்தில், சரிவின் உச்சியில் வைப்பார். தீ காற்றை எதிர்த்துக் கீழ்நோக்கி ஊர்ந்து வரும். முழங்காலுக்கு மேல் ஜுவாலை ஏறாது. பக்கத்தில் நடந்தால் நம் நடை அதைவிட வேகம். தீ கடந்த இடத்தில் கொஞ்ச நேரம் கழித்து மண்ணில் கை வைத்திருக்கிறேன், சுடவில்லை. மேல்சருகு போயிருந்தது, அடியில் ஈரச்சருகு கிடந்தது. இருட்டியதும் பனி இறங்கி அதுவே அணைந்துவிடும். அணைக்க ஆள் தேவையில்லை. அவர்கள் மொழியில் இதற்குத் தரகு பெங்கி என்று பெயர். தரகு என்றால் சருகு, பெங்கி என்றால் நெருப்பு. சருகை மட்டும் தின்கிற நெருப்பு.

கோட்டுக்கு வெளியே இதைச் செய்ய எங்களுக்கு உத்தரவு கிடையாது. தாத்தாவின் இளமையில் தொட்டியைச் சுற்றி, நெல்லிக்காட்டில், தேன் எடுக்கப் போகும் வழியில், எல்லாம் இப்படித்தான் வைத்தார்களாம். மொத்தக் காட்டையும் ஒரே வருடத்தில் வைக்கமாட்டார்கள். இந்த வருடம் இது, அடுத்த வருடம் அது. கோடைமழை விழுந்ததும் எரிந்த திட்டில் புது அருகம்புல்லும் குருத்துப்புல்லும் வரும், மான் வரும். உண்ணி செத்துவிடும். நெல்லி மரத்தைப் பிடிக்கும் புல்லுருவி குறையும் என்று அவர் சொன்னார். சோளகர்களிடம் கேட்டு எழுதிய ஆய்வாளர்களும் பின்னாளில் இதே விவரத்தைப் பதிவு செய்தார்கள்.

என் கையால் நேர்ந்த ஒன்றையும் சொல்லவேண்டும். நாலாம் வருடமோ ஐந்தாம் வருடமோ, தாத்தா காய்ச்சலில் படுத்திருந்தார். கோடு எரிப்பை இன்ன தேதிக்குள் முடிக்கவேண்டும் என்று மேலிருந்து நெருக்கினார்கள். ஒரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் கேட்கும் அதிகாரி அப்போது மேலே இருந்தார். சருகை அள்ளிப் பார்த்தேன், நொறுங்கியது. தெரிந்தும் வைத்தேன், காலை பதினொரு மணிக்கு. அரை மணி நேரத்தில் காற்று திரும்பியது. தீ கோட்டைத் தாண்டி உண்ணிச்செடிப் புதரில் ஏறியது. உண்ணிச்செடி எரிவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பச்சையாக இருக்கும்போதே எண்ணெய் ஊற்றியதுபோல எரியும். மரத்தின் மேல் பின்னி ஏறியிருக்கும், ஆகவே தீயும் ஏணி வைத்ததுபோல மரத்துச்சிக்குப் போகும். தழையை ஒடித்து அடித்தோம், எதிர்த்தீ வைத்தோம், மறுநாள் விடியும்வரை நின்றோம். நெல்லி மரங்கள் நிறையப் போயின. தாத்தா குணமாகி வந்து அந்த இடத்தைப் பார்த்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் என் பீட்டுக்கு வேலைக்கு வரவில்லை.

காடு இப்போது எரியும் விதத்துக்கும் உண்ணிச்செடிக்கும் உள்ள சம்பந்தத்தை வெளியில் அதிகம் யாரும் பேசுவதில்லை. வெள்ளைக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவந்த செடி அது. காட்டில் நெருப்பே கூடாது என்பதும் அவர்கள் தொடங்கியதுதான். 1860களில் மத்திய மாகாணத்துப் போரிக் காட்டில் தொடங்கிய தீத்தடுப்பு நாடெங்கும் பரவியது. நம் 1882ஆம் வருட வனச் சட்டத்தில் தீ வைப்பது குற்றம். 1972ன் வனவிலங்குச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அது இன்னும் பெரிய குற்றம். பிளிகிரிரங்கன் மலை 1974ல் சரணாலயமானது. எங்கள் பக்கம் 2008ல் சரணாலயம், 2013ல் புலிகள் காப்பகம். இதற்கு நடுவில் வீரப்பன் காலம் வேறு. தொட்டி மக்கள் விறகுக்குப் போகவே நடுங்கிய வருடங்கள் அவை, தீப்பெட்டியோடு காட்டுக்குள் யார் போவார்கள்? சிறு நெருப்பு நின்றது, சருகு சேர்ந்தது, உண்ணிச்செடி பெருகியது. பிளிகிரிரங்கன் மலையில் ஒரே இடங்களை 1997லும் 2008லும் அளந்து பார்த்திருக்கிறார்கள். முதலில் நூற்றுக்கு 41 இடத்தில் இருந்த செடி பிறகு 81 இடத்தில். எங்கள் பக்கம் நான் கண்ணால் கண்டதும் அதுவே.

2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காய்ந்த புல்சரிவில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த இரவு நான் தூங்கவில்லை. அதற்குப் பின் எங்கே பேசினாலும் ஒரே பேச்சு: நெருப்பே கூடாது, மலைக்காரர்கள்தான் வைக்கிறார்கள். பெருந்தீயைக் கண்டு பயப்படுவது நியாயம். ஆனால் தையில் முழங்காலளவு எரியாத சருகு அப்படியே கிடக்கிறது, பங்குனியில் அதுதான் பனையளவு எரிகிறது. ஆஸ்திரேலியாவின் வடக்கே ஆர்ன்ஹம் லாந்தில் பூர்வகுடிகள் வறட்சி தொடங்கும்போதே சிறு தீ வைப்பதை அங்கே அரசும் ஏற்றிருக்கிறது, அந்த வேலைக்குப் பணமும் வருகிறது. கலிபோர்னியாவில் யூரோக், காருக் மக்களின் தீயை நூறு வருடம் குற்றமாக வைத்திருந்துவிட்டு, இப்போது அவர்களிடம் போய்க் கேட்கிறார்கள். நம்மூரில் அதே வித்தை தெரிந்தவரைத் தீத்தடுப்புக் காவலர் என்று மூன்று மாதத் தினக்கூலிக்கு எடுத்துத் தழையால் அடிக்க வைக்கிறோம்.

நாளைக்கே எல்லாத் தொட்டியிலும் தீப்பெட்டி கொடுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. உண்ணிச்செடி மண்டிய இடத்தில் தரகு நெருப்பு நடக்காது, அது நான் வைத்த தீயாகத்தான் முடியும். முதலில் செடியை வேரோடு வெட்டி எடுக்கவேண்டும், இரண்டு மூன்று வருடம் முளைப்பதைப் பிடுங்கவேண்டும், புல் திரும்பவேண்டும். சோலையில் எந்தத் தீயும் கூடாது. இலையுதிர்காட்டிலும் வருடா வருடம் ஒரே இடம் எரிந்தால் கன்று நிற்காது. முதுமலையில் 1988 முதல் 50 ஹெக்டேரில் மரங்களுக்கு எண்போட்டுக் கணக்கெடுத்து வருகிறவர்கள், தீயில் சாவது அதிகமும் சிறு தண்டுகள்தான் என்று காட்டியிருக்கிறார்கள். ஆகவேதான் எங்கே, எந்த வருடம், எந்த நாள் என்று தெரிந்த ஆள் வேண்டும் என்கிறேன்.

இப்போது துறைக்குள் வருகிற பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. செயற்கைக்கோள் எங்கே தீயின் வெப்பம் கண்டாலும் கைபேசிக்குச் செய்தி வந்துவிடுகிறது, ஓடிப்போய் அணைக்கிறார்கள். உயிரைக் கொடுத்து அணைக்கிறார்கள். ஆனால் எரிந்தபின் சொல்லும் கருவி அது. கோட்டைக் கிலோமீட்டரில் அளக்கிறார்கள், ஜி.பி.எஸ். போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள். அந்தப் படத்தில் சருகின் பதம் தெரியாது. புளோயர் ஊதினால் மேல்சருகோடு அடிச்சருகும் போய் மண் தெரிகிறது, ஈரம் காக்கும் அந்த அடுக்கே இல்லாமல் போகிறது. ஒரு நாளில் ஐந்து கிலோமீட்டர் முடிப்பவனுக்குக் குனிந்து அள்ள நேரமேது? நாங்கள் ஒரு நாளைக்கு அரைக் கிலோமீட்டர் செய்தோம், சில நாள் எதுவும் செய்யாமல் திரும்பி வந்தோம். திரும்பி வந்த நாளுக்கும் கூலி எழுதினேன். அதற்காக எனக்கு மெமோ வந்தது. சருகு பார்த்ததும் வேலைதான் என்று பதில் எழுதினேன், இன்றும் அதையே எழுதுவேன்.

2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குத் தன் காட்டைப் பாதுகாக்கவும் மேலாண்மை செய்யவும் உரிமை தருகிறது. 2011ல் பிளிகிரிரங்கன் மலைச் சோளகர்களின் கிராம சபைகள் அந்த உரிமையைப் பெற்றன, புலிகள் காப்பகத்துக்குள்ளேயே. எங்கள் பக்கத்திலும் அந்த வழியில் ஒரு சிறு திட்டை, செடி வெட்டிய பத்து ஏக்கரை, வன அலுவலரும் தொட்டிப் பெரியவர்களும் சேர்ந்து ஒரு தையில் எரித்துப் பார்க்கலாம். ஓய்வு பெறும் முன் இதை எழுத்தில் கொடுத்தேன். பதில் இல்லை.

தங்கை மகனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது ஒன்று மட்டும் சொன்னேன்: உன் வாட்சர்களில் மஸ்டர் ரோலில் கடைசியில் இருக்கிற கிழவரைக் கூட்டிக்கொண்டு, தீப்பெட்டி இல்லாமல் ஒரு நாள் கோட்டில் நட. சரி மாமா என்றான். நடந்தானா என்று இன்னும் கேட்கவில்லை.

தாத்தா இறந்து பல வருடமாகிறது. அவர் தொட்டியில் தன் கையால் தரகு நெருப்பு வைத்துப் பழகியவர்கள் நான் ஓய்வு பெற்று வரும்போது மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் எழுபது தாண்டிவிட்டது.