கல்லு இறக்கம்

ஹட்டன் பக்கம் எங்க தோட்டத்தில், மேல் மலையிலிருந்து லயத்துக்கு இறங்கும் குறுக்குப் பாதை முழுக்கக் கல்லு. நடுவில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு சரிவுப் பாறை. அதில் சைக்கிளை இறக்கப் போய் மூணு தடவை விழுந்தேன். விளிம்புக்கு வந்ததும் பயத்தில் முன் பிரேக்கைப் பிடிச்சிடுவேன். முன்சக்கரம் நிற்கும், நான் பறப்பேன்.

கொழுந்துச் சாக்கோடு வந்த அம்மா பார்த்துட்டாங்க. "கல்லப் பாக்காத, அடுத்துப் போற எடத்தப் பாரு. பாதியில நிக்காத."

மறுநாள் பெடலில் எழுந்து நின்று, இடுப்பை சீட்டுக்குப் பின்னால் தள்ளி, பின் பிரேக்கை லேசாகத் தொட்டு, பாறைக்கு அப்பால் பார்த்தேன். சக்கரம் தானா உருண்டு இறங்கிடுச்சு.

வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைப் பாதைகளை இணைத்து, 'பெக்கோ டிரெயில்' என்று சுமார் 300 கிலோமீட்டருக்குச் சுற்றுலாப் பாதை திறந்திருக்கிறார்கள். எங்க குறுக்கு அதில் இல்லை.

மழையில் அந்தப் பாறை வழுக்கும். அன்றைக்கு நான் சைக்கிளை எடுக்க மாட்டேன். அம்மா இறங்கித்தான் ஆகணும்.