மூடி வைத்த சோறு



தோட்டப் பள்ளி வாத்தியார் சிவப்பு ஒயினைப் பற்றி எழுதுகிறாரே என்று முகம் சுளிக்காதீர்கள். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

சென்ற தீபாவளிக்கு என் தம்பி ஈப்போவிலிருந்து சிலிம் ரிவருக்கு வந்திருந்தான். அங்கே ஓர் ஓட்டலில் அவனுக்குச் சமையல் வேலை. சோறும் ஆட்டுக்கறிப் பிரட்டலும் மேசைக்கு வந்த நேரம், பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தான்.

"அண்ணே, இது மடக்கு மடக்கென்று குடிக்கிற சரக்கு இல்லை. கறியோடு சேர்த்து ருசி பார்க்க வேண்டியது" என்றான்.

பழரசம் போல் இனிக்கும் என்று எண்ணி ஒரு வாய் பருகினேன். ஏமாந்தேன்! பச்சைப் பாக்கை மென்றது போல் நாக்கு வறண்டு இழுத்துப் பிடித்தது. தம்பி சிரித்துக்கொண்டே விளக்கினான். கறுந்திராட்சையின் தோலையும் விதையையும் சாற்றோடு சேர்த்தே புளிக்க வைக்கிறார்கள். அதனால்தான் அந்தச் சிவப்பும் துவர்ப்பும். அந்தத் துவர்ப்பு நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வாய் வறள்கிறது. கொழுப்புள்ள இறைச்சியோடு சேர்ந்தால் அது அடங்கிவிடுகிறது.

ஒரு துண்டு கறியைத் தின்றுவிட்டு மறுபடியும் பருகினேன். உண்மைதான், துவர்ப்பு அடங்கியது. ஆனால் மிளகாய்க் காரம் உச்சிக்கு ஏறிற்று!

"மதுச்சத்து காரத்தைத் தூண்டிவிடும் அண்ணே. காரம் குறைத்து நெருப்பில் வாட்டிய கறிக்குத்தான் இது பொருந்தும்" என்றான் தம்பி.

அப்போதுதான் அம்மாவைக் கவனித்தேன். தட்டில் கை வைக்காமல் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, இதைக் குடிச்சிட்டு ஆளுங்க சோறும் சாப்பிடுவாங்களா?" என்று கேட்டார்.

வாசகர்களே, அந்தக் கேள்வியின் பாரம் எங்கள் இருவருக்கும் தெரியும். சம்பளம் போடும் நாளில் அப்பா கள்ளுக்கடைக்குப் போய்விடுவார். அம்மா லயத்துக் குசினியில் சோற்றை மூடி வைத்துக் காத்திருப்பார். இருட்டிய பிறகு தள்ளாடி வரும் அப்பா, சோற்றைத் தொடாமலே திண்ணையில் சாய்ந்துவிடுவார். எனக்குச் சப்பாத்து வாங்க வைத்திருந்த பணமும் ஒரு மாதம் அப்படியே போயிற்று. கிழிந்த சப்பாத்தோடு பள்ளிக்கு நடந்தேன். அப்பா கெட்டவர் அல்லர். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டப் போகிறவர்தான். அந்த ஒரு நாளில் மட்டும் அவர் எங்களுடையவராக இருந்ததில்லை.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதையா? 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. 1947-ல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியலில் இறங்கினார்கள். குடியின் கேட்டை நம் முன்னோர் நன்றாகவே உணர்ந்திருந்தார்கள்.

இன்று கண்ணாடிக் கிண்ணத்தில் வருவதால் மட்டும் அது சாதுவாகிவிடாது. கள்ளில் மதுச்சத்து நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு என்றால், இத்தகைய ஒயினில் 13 முதல் 15 பங்கு. குடியில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது.

தம்பி ஒன்றும் பேசவில்லை. பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, அம்மாவின் தட்டில் ஒரு கரண்டி கறி போட்டான். அதன் பிறகே அம்மா சோற்றைப் பிசைந்தார்.

எந்தப் பானம் எந்தக் கறிக்குப் பொருந்தும் என்பதை ஓட்டல்காரர்கள் சொல்லட்டும். அது உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்பதை மட்டும், உங்களுக்காகச் சோற்றை மூடி வைத்துக் காத்திருப்பவரிடம் கேளுங்கள்.