பழுது பாகத்திலா, இடத்திலா?

எங்கள் குழுவிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் வண்டி. இரண்டு பேர் ஓட்டி முடித்த பிறகு எங்கள் கைக்கு வந்தது. வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மை அறியப் போவதும், சாட்சி சொல்ல வருபவர்களை நீதிமன்றத்தில் கொண்டுபோய் விடுவதும் அதில்தான். சாட்சிகள் ஊர்த்தெரு வழியாக நடந்துபோய்ப் பேருந்து ஏற முடியாத நாட்களில் இந்த வண்டி ஓடியாக வேண்டும்.

அந்த வண்டிதான் மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கியது. ஒருவர் மட்டும் ஓட்டிப் போனால் ஒன்றுமில்லை. ஐந்து பேர் ஏறி, வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரியை முந்த மிதித்தால் வண்டி குலுங்கும். பிக்கப் செத்துவிடும். செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரியும். அந்த விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டச் சொல்கிறது என்று பொருள். சிமிட்டினால் உடனே மிதிப்பைக் குறைத்துவிட வேண்டும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும்.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் மூன்று ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினார்கள். நிற்கவில்லை. டர்போவையே மாற்ற வேண்டும் என்றார்கள். பழைய டர்போ வண்டி என்றாலே அப்படித்தானாம். அவர்கள் சொன்ன தொகை எங்கள் குழுவின் ஓராண்டுச் சந்தா.

ஒரகடம் பக்கம் கொட்டகை போட்டு வேலை பார்க்கும் ஐ.டி.ஐ. படித்த தம்பி ஒருவரிடம் வண்டி போனது. அவர் எதையும் மாற்றவில்லை. ஸ்கேனரைச் செருகினார். பி0302 என்று வந்தது. இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங் என்று அர்த்தம். பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று நிலையாகச் சொல்ல முடியாதது. பி0301, பி0303 என்றால் ஒன்றாவது, மூன்றாவது.

இந்தக் கோடு எப்படி வருகிறது என்று அவர் சொன்னது முக்கியமானது. தீப்பொறி வந்ததா, பெட்ரோல் வந்ததா என்று கம்ப்யூட்டர் நேரடியாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் கிராங்க் ஷாஃப்ட் ஒரு தள்ளு வாங்கி வேகமெடுக்கும். எந்தச் சிலிண்டரின் முறை வரும்போது அந்தத் தள்ளு வரவில்லையோ, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளும். ஆக, யார் வேலை செய்யவில்லை என்பது மட்டும்தான் கோடு. ஏன் செய்யவில்லை என்பது அதில் கிடையாது.

எங்கள் வேலையில் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். எஃப்.ஐ.ஆரில் 'முன்விரோதம்' என்று ஒரு சொல் விழும். அடி விழுந்தது எங்கே, யார் மீது என்பது தெரியும். அந்த விரோதம் எதிலிருந்து வந்தது என்று கேட்காமல் காகிதம் மூடப்படும்.

டர்போ வண்டியில் சுமை ஏறினால் சிலிண்டருக்குள் காற்று அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பிளக்கின் இடைவெளியைத் தீப்பொறி தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும். அதனால் சும்மா நிற்கும்போது தப்பித்துக்கொள்ளும் பலவீனமான காயில், மிதிக்கும்போது மாட்டிக்கொள்ளும். தம்பிக்கும் முதல் சந்தேகம் காயில் மேல்தான். ஆனாலும் புதுக் காயில் வாங்கச் சொல்லவில்லை. என்ஜின் ஆறியதும் இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி ஒன்றாவதில் போட்டார், ஒன்றாவதை இரண்டாவதில் போட்டார். கோடை அழித்துவிட்டு, அதே ஐந்து பேரோடு அதே சாலையில் ஓட்டினோம். காயில் கெட்டிருந்தால் மிஸ்ஸிங் அதோடு சேர்ந்து ஒன்றாவது சிலிண்டருக்குப் போயிருக்கும். போகவில்லை. மீண்டும் பி0302. பிளக்கையும் அப்படியே மாற்றிப் போட்டார். மீண்டும் பி0302.

சந்தேகப்பட்ட காயில் ஒன்றாவது சிலிண்டரில் நன்றாக வேலை செய்தது. நன்றாக இருந்த காயில் இரண்டாவதற்கு வந்ததும் மிஸ்ஸானது. அப்படியென்றால் பழுது பாகத்தில் இல்லை, அந்த இடத்தில் இருக்கிறது.

அடுத்து இன்ஜெக்டரா, கம்ப்ரஷனா என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பு விடை சொன்னவர் எங்கள் படிப்பு வட்டத்துத் தங்கை ஒருவர். இந்தத் தொழிற்தடத்தில் வண்டிகளுக்கு ஒயரிங் தயாரிக்கும் ஆலை ஒன்றில் நான்கு ஆண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளி. காயிலுக்குப் போகும் ஒயர்களை ஒவ்வொன்றாக மெல்ல இழுத்துப் பார்த்தார். ஒன்றில் விரல் நின்றது. "வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும்ணா. உள்ள செம்பு அறுந்து கெடக்கும்" என்றார். மல்டிமீட்டரை வைத்தால் ஒயர் அசையாதபோது இணைப்பு காட்டியது, இழுத்தால் போனது. முன்பு எப்போதோ வேலை பார்த்தவர்கள் அந்த ஒயரை பாடியோடு டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். சுமையில் மிதித்தால் என்ஜின் சற்றுச் சாயும், ஒயர் இழுபடும், மின்சாரம் நிற்கும். புது பின் போட்டு, ஒயரைத் தளர்வாக விட்டுக் கட்டியதோடு வேலை முடிந்தது. செலவு முந்நூறு ரூபாய்க்குள்.

மாற்றிப் போட்டுப் பார்க்கும் இதே முறையை வேலைச் சந்தையிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். சுகதேவ் தோரட், பால் அட்வெல் இருவரும் நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். ஆய்வு 2007இல் வெளியானது. ஆதிக்கச் சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. படிப்பு அதேதான், பெயர் மட்டும் வேறு. தகுதியில்தான் குறை என்றால் மூன்று பெயருக்கும் ஒரே அளவு அழைப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தகுதி இல்லை என்று நம்மிடம் சொல்லும்போதெல்லாம் இதை நினைவில் வையுங்கள் தோழர்களே.

அந்தத் தங்கையின் சம்பளச் சீட்டில் 'அன்ஸ்கில்டு' என்று இருக்கிறது. விரலால் தொட்டே அறுந்த செம்பைக் கண்டுபிடிப்பவருக்கு அந்தச் சொல். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுச் சீட்டு, புது ஒப்பந்தக்காரர், பழைய வேலை. அவர் வேலை பார்க்கும் வரிசையில் நிரந்தரமானவர்கள் யார், எந்த ஊர், என்ன படிப்பு, எந்த ஆண்டு சேர்ந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கும் அதே நான்கு கேள்விகள். மனிதர்களைக் காயில்போல் கழற்றி மாற்றிப் போட முடியாது. ஆனால் ஒரே சான்றிதழ், ஒரே ஆண்டு, ஒரே வேலை உள்ள இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். மீதமிருக்கும் வித்தியாசம் ஊரா சேரியா என்பது மட்டும்தானா என்று பார்க்கலாம். அதுதானா என்பது நோட்டு நிரம்பினால்தான் தெரியும். முன்கூட்டியே முடிவு கட்டினால் டர்போவை மாற்றச் சொன்ன ஒர்க்‌ஷாப்புக்கும் நமக்கும் வேறுபாடு இருக்காது.

இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் பகுதிகளில் வேலை பார்ப்பவர்களோ அவர்களின் தம்பி தங்கைகளோ இதைப் படித்தால், உங்கள் வரிசையைப் பற்றியும் இதே நான்கையும் எழுதி வையுங்கள். ஆலையின் பெயர் இப்போது வேண்டாம். அதை எழுதினால் முதலில் வேலை போவது எழுதியவருக்குத்தான்.